அம்மாளின் தோணியை மறித்த நாள்

புளியடிக்குளத்தில் இன்றைக்கு வரையும் ஆற்றுவாழை இல்லை. அதற்கு மழை காரணமில்லை, மண் காரணமில்லை, நான்தான் காரணம். தன் வாயால் தானே சொல்கிறாள், என்ன பெருமை என்று யாராவது நினைத்தால், ஓம், பெருமைதான்.

குளத்தடியில் இப்போது தோணி கழுவ ஒரு மெஷின் வந்திருக்கிறது. குழாயைப் பிடித்தால் தண்ணீர் பீச்சி அடிக்கிறது. அருகில் நின்றால் சேலையையும் சேர்த்துக் கழுவிவிடும். அதில் வேலை செய்கிற பிள்ளைகள் இரண்டு பேர் லிங்கநகரில் என் வீட்டைத் தேடி வந்து, "அம்மா, மிசின் இல்லாத காலத்தில எப்பிடிப் பாத்தனீங்கள்? எங்கட மீன்பிடிச் சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதித் தாங்கோ" என்றார்கள். என்னிடம் எழுத்து குறைவு, கதை அதிகம். எழுத்துக் கூட்டி ஆறுதலாக எழுதுகிறேன். நீங்களும் ஆறுதலாக வாசியுங்கள்.

பேரில் வாழை இருந்தாலும் ஆற்றுவாழை வாழை இல்லை. தண்ணீரில் மிதக்கிற பூண்டு. தண்டு காற்றடைத்துப் பருத்திருக்கும். அடியில் வேர் கறுத்த தாடி போலத் தொங்கும். ஒரு துண்டு விழுந்தால் போதும், பெருகிப் பெருகிக் குளத்தையே மூடிவிடும். மூடினால் துருசு, அதாவது மதகு, அடைத்து வயலுக்குத் தண்ணீர் போகாது. மீன் செத்து மிதக்கும் என்பார்கள். மிதக்கக்கூட இடம் இருக்காது. எங்களுக்குப் பக்கத்துக் குளத்தில் அப்படித்தான் நடந்தது. பசுமாடு ஒன்று புல்வெளி என்று நினைத்து அதில் இறங்கி, ஊரே கயிறு போட்டு இழுத்தது. மாட்டை விடுங்கள். கள்ளுக் குடித்துவிட்டு வந்த மனிதர் ஒருவர் வயல் என்று நினைத்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே நடந்திருக்கிறார். கழுத்தளவு போன பிறகுதான், "வயலுக்கு ஆரடா இவ்வளவு தண்ணி விட்டது?" என்று ஏசினாராம்.

சிரிக்கிற கதைதான். ஆனால் அந்தக் குளத்தை நம்பி விதைத்தவர்கள் அதற்குப் பிறகு விதைக்கவில்லை. மிஞ்சியது எங்கள் குளம். கப்பல்துறைப் பக்கம் உள்ளே தள்ளி இருந்த வயல்களுக்கும் வலைகளுக்கும் அது ஒன்றுதான் சோறு.

சண்டைக் காலம் அது. துறைமுகப் பக்கம் கடலில் இறங்க நேவியிடம் பாஸ் வேண்டும். பாஸ் ஒரு நாள் கிடைக்கும், ஒன்பது நாள் கிடைக்காது. கடலை நம்பியிருந்தவர்கள் குளங்களுக்குத் திரும்பினார்கள். எங்கெங்கோ கிடந்த தோணிகள் எல்லாம் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி எங்கள் குளத்துக்கு வரத் தொடங்கின. தோணியோடு பூண்டும் வரும் என்று, குளத்தைப் பார்க்கிற ஓவசியர் சோதிக்க ஆள் தேடினார். ஆண்கள் யாரும் குளக்கட்டில் தனியே நிற்கச் சம்மதிக்கவில்லை. ஏன் நிற்கிறாய் என்று பிடித்துப் போனால் கேட்க ஆள் இல்லாத காலம். நான் கேட்டேன், தந்தார். "ஆம்பிளையள் ஒரு பீடியோட ஆளை விட்டுடுவாங்கள். நீர் விடமாட்டீர் போல கிடக்கு" என்றார். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்குத் தொழில் படிப்பித்தது கண்டி வீதியில் ஆமிக்காரர்கள் சோதிக்கிற சென்றி. லிங்கநகரிலிருந்து வேலைக்குப் போகிற பஸ்ஸை அங்கே தினமும் மறிப்பார்கள். எல்லாரும் இறங்கி, சாமானோடு வரிசையில் போகவேண்டும். பெண்களைச் சோதிக்க ஒரு ஆமிக்காரப் பெண் இருந்தாள். அவள் முதலில் பையைப் பார்க்கமாட்டாள், பைக்காரியின் முகத்தைப் பார்ப்பாள். பிறகு பையின் அடியிலிருந்து மேலே வருவாள். என் சோற்றுப் பெட்டியைத் திறந்து, பருப்பைக் கரண்டிக் காம்பால் விலக்கி, அடியில் சோறு மட்டும்தான் என்று தெரிந்த பிறகுதான் மூடுவாள். எனக்குப் பற்றி எரியும். ஆனால் குளத்தடிக்குப் போனதும் நான் செய்வதும் அதேதான். முதலில் தோணிக்காரனின் முகம். பிறகு தோணியின் அடி.

தோணியை முதலில் கவிழ்க்கச் சொல்வேன். உள்ளே தேங்கிய தண்ணீர் குளக்கட்டின் வெளிப்புறம், வெயில் படுகிற மணலில் போகவேண்டும். பிறகு அணியம், அதாவது தோணியின் முன்முனை. அங்கே பலகை சேர்கிற இடுக்கில் வேர் ஒளிந்திருக்கும். பிறகு இருக்கைப் பலகையின் கீழ். பிறகு கயிறு; முறுக்கை அவிழ்த்துப் பார்க்கவேண்டும். நங்கூரமாகக் கட்டுகிற கல்லின் சேறு. தண்ணீர் இறைக்கிற பேணியின் அடி. வலையை விரித்து, முடிச்சு முடிச்சாகக் கை போகவேண்டும். கண் ஏமாறும், விரல் ஏமாறாது, ஈர வேர் மயிர் போல விரலில் ஒட்டும். ஏதாவது அகப்பட்டால் தோணி கட்டின் வெளியே இரண்டு மூன்று நாள் வெயிலில் கவிழ்ந்து கிடந்துதான் உள்ளே போகும். தோணி இறங்குகிற துறை ஒன்றுதான். அதற்குக் குறுக்கே ஒரு தடி, தடிக்குச் சங்கிலி, சங்கிலிக்குப் பூட்டு, சாவி என் முந்தானை முடிச்சில். "ஆமிச் சென்றியால வரலாம், பரமேசின்ர சென்றியால வரேலாது" என்று மீன்காரர்கள் என் பேரைச் சொல்லிப் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும்.

ஓவசியர் சாம்பல்தீவு ஆள். மெலிந்த மனிதர், வெள்ளைக் காற்சட்டை, கறுத்தக் குடை, காதில் ஒரு ஈர்க்கு. மற்றவர்கள் பென்சில் செருகுகிற இடத்தில் அவர் தென்னை ஈர்க்கு செருகியிருப்பார், தோணி இடுக்குகளைக் கிண்ட. அவர் ஏசி யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். ஒருமுறை துருசுக் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்த காவல்காரனுக்கு முன்னால் அவர் துடைத்த துடைப்பில், கண்ணாடியே தேய்ந்து போகும் என்று நான் பயந்தேன்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. நான் வர முன்னம் வந்து, ஆற்றுவாழை வேர்த்துண்டு ஒன்றை வெயிலில் கருக்கி எடுத்து எங்காவது ஒளித்துவிடுவார். பிறகு ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்பார்.

"எல்லாம் பாத்திட்டீரோ?"

"ஓம் ஐயா, சுத்தம்."

"வடிவாப் பாத்தனீரோ?"

"வடிவாப் பாத்தனான்."

உடனே ஈர்க்கை எடுத்து ஏதாவது ஒரு இடுக்கில் விட்டு, வேரைக் கோத்து எடுத்து என் மூக்குக்கு முன்னால் பிடிப்பார். தொடக்கத்தில் அடிக்கடி தோற்றேன். பிறகு நானே ஈர்க்குச் செருகத் தொடங்கினேன், கொண்டையில். அதன் பிறகு அவருக்கு வெற்றி குறைந்தது. ஒரு நாள் மட்டும் தோணி முழுக்கக் கிண்டியும் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. "இண்டைக்கு நீங்கள் ஒளிக்கேல்லை ஐயா" என்றேன். "உம்மட குடையைப் பாத்தனீரோ?" என்றார். விரித்தேன், வேர் தலையில் விழுந்தது. "குடையும் குளத்தடிக்குத்தானே வந்தது" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார். அன்று முழுக்க எனக்கு அவர்மேல் ஆத்திரம். ஆனால் அதற்குப் பிறகு கரைக்கு வருகிற ஆடு மாட்டின் காலைக்கூட நான் சும்மா விட்டதில்லை.

இனி நான் சொல்ல வந்த நாள்.

குளக்கட்டில் ஒரு அம்மன் கோயில் உண்டு. திருவிழாவின் கடைசி நாள் மாலையில் அம்மாள் தோணியில் ஏறிக் குளத்தைச் சுற்றி வருவா. சண்டையால் அது பல வருடம் நின்றுபோயிருந்தது. அந்த வருடம் கொஞ்சம் அமைதி. இந்த முறை அம்மாளைத் தண்ணீரில் விட்டே தீருவது என்று கோயிலுக்குப் பொறுப்பான வண்ணக்கர் முடிவெடுத்தார். அகலமான மனிதர், அகலமான குரல். கோயிலின் பழைய தோணி உக்கிவிட்டதால் மூதூர்ப் பக்கத்திலிருந்து காசிம் காக்காவின், அதாவது காசிம் அண்ணனின், பெரிய தோணியை இரவலாகக் கேட்டார். காக்கா ஆற்றில் மீன் பிடிக்கிறவர். தோணியையும் தந்து, அதற்குக் காவலாகத் தானும் வந்தார்.

காலையில் மேளச் சத்தம் கேட்டுத் துறைக்கு ஓடினேன். உழவு இயந்திரப் பெட்டியில் தோணி வருகிறது. தோணி முழுக்க ஊதாப் பூ, ஆற்றுவாழைப் பூ. அணியத்திலிருந்து கடைசி முனை வரை கொத்துக் கொத்தாக, ஒவ்வொரு பூவின் நடுவிலும் மயில் தோகைக் கண் போல ஒரு மஞ்சள் பொட்டு. டவுனிலிருந்து வரவேண்டிய பூ, பாதை மறித்ததால் வரவில்லை. தோணி எடுக்கப் போன இளைஞர்கள் ஆற்றங்கரையில் இதைக் கண்டு, அம்மாளே தந்தா என்று அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்தச் சனியன் பூத்து நிற்கும்போது அப்படி ஒரு அழகு. இல்லையென்று சொன்னால் என் வாய் அழுகும்.

ஊர் முழுக்கப் பின்னால் வந்தது. வண்ணக்கரின் கழுத்தில் ஊதா மாலை. பெண்களின் தலையெல்லாம் ஊதாப் பூ.

"பிள்ளை, தடியைத் தூக்கும்" என்றார் வண்ணக்கர்.

"பாத்திட்டுத் தூக்கிறன் ஐயா."

"இது அம்மாளின்ர தோணி."

"ஆரின்ர தோணியெண்டாலும் பாக்கிறதுதானே."

"அப்ப அம்மாளையும் சோதிக்கப் போறீரோ?"

"அம்மாள் இன்னும் ஏறேல்லை. ஏற முன்னம் பாத்து முடிச்சிடுவன்."

பின்னாலிருந்து ஒரு மனுசி கத்தினாள்: "எடியே, ஆமிக்காரிகூட அம்மாளில கை வைக்கேல்லை. நீ ஆரடி?" கூட்டம் சிரித்தது. நான் பெட்டியில் ஏறினேன். பூ வாடக்கூடாது என்று இளைஞர்கள் செடியை வேரோடு பிடுங்கி, தோணிக்குள் ஆற்றுத் தண்ணீரைத் தேக்கி அதில் நிறுத்தி வைத்திருந்தார்கள். தோணிக்குள்ளே ஒரு சின்னக் குளம், அது நிறைய ஆற்றுவாழை.

"நான் அப்பவே சொன்னேன் தங்கச்சி, இந்தப் பூண்டு வாணாம் என்டு. இவனுகள் கேட்டாத்தானே" என்றார் காசிம் காக்கா, தலையில் கை வைத்துக்கொண்டு.

நான் இறங்கி வந்து தடிக்கு முன்னால் நின்றேன். "இந்தத் தோணி இறங்கேலாது."

மேளம் நின்றது. அவ்வளவு அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாளை மறித்தவள் என்று பெயர் வந்தால், அதன் பிறகு ஊரில் ஒரு கோழி செத்தாலும் நான்தான் காரணம். ஆனால் அந்த வேரில் ஒன்று குளத்தில் விழுந்தால் கோழி இல்லை, வயலே சாகும்.

ஓவசியருக்கு ஆள் போனது. சைக்கிளில் வந்தார். குடையைச் சுருக்கினார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தோணிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார், துடைத்தார். வண்ணக்கரின் குரல் தானாகவே இறங்கியது.

"ஓவசியர் ஐயா, நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கோ."

"சாவி அவவிட்டைத்தானே இருக்கு" என்றார் ஓவசியர். என் பக்கம் திரும்பி, "நீர் என்ன சொல்லுறீர்?"

"பூ முழுக்க எடுக்கவேணும். தோணியைக் கழுவி வெயில்ல காயவிடவேணும். ரெண்டு மூண்டு நாள் செல்லும்."

"அம்மாள் பொறுப்பாவோ?"

"அம்மாள் பொறுப்பா. வண்ணக்கர்தான் பொறுக்கமாட்டார்."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். வண்ணக்கர் சிரிக்கவில்லை. "இண்டைக்குப் பின்னேரம் அம்மாள் இறங்கேல்லையெண்டால் இனி எந்த வருசம் இறங்குவா? அடுத்த வருசம் நாங்கள் இருப்பமோ, இந்த ஊர் இருக்குமோ, ஆருக்குத் தெரியும்?" என்றார். கோபத்தில் சொல்லவில்லை, மெதுவாகச் சொன்னார். அது எனக்குச் சுட்டது. அவர் கேட்டதும் நியாயம்தான். அந்தக் காலத்தில் அடுத்த வருடம் என்பதை யாரும் உறுதியாகச் சொல்லமாட்டோம்.

அப்போதுதான் காசிம் காக்கா வாயைத் திறந்தார். "ஓவசியர், ஆத்தால அள்ளிக்கிட்டு வாற இந்தப் பூண்டு கடலடிக்கு வந்தா கறுத்துச் செத்துப்போகுது. உப்புத்தண்ணி இதுக்கு ஒத்துக்காது. தோணியக் கடல்ல ஒருக்கா முக்கி எடுத்தா என்ன?"

"தோணியோட கடலடிக்குப் போனால் நேவிக்காரன் எங்களை முக்கி எடுப்பான்" என்றார் வண்ணக்கர்.

"அப்ப கடல் இஞ்ச வரட்டும்" என்றேன் நான். வாய்க்கு வந்ததைச் சொன்னேன், பகிடியாகத்தான்.

வண்ணக்கர் என்னைப் பார்த்தார், தோணியைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, அம்மாள் இப்போதுதான் காதில் சொன்னது போல அறிவித்தார்: "அம்மாள் ஏறுற தோணிக்குக் கடல் தண்ணியால அபிஷேகம் செய்யவேணும்! பெண்டுகள் குடம் எடுங்கோ!"

ஒருவரும் மறுகேள்வி கேட்கவில்லை. நான் கேட்டதைச் செய்ய ஒருவரும் இல்லை. அவர் சொன்னதும் ஊரே குடம் எடுத்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. சாவியை ஓவசியரிடம் கொடுத்தேன். அவர் குடையை விரித்துக்கொண்டு தடிக்கு முன்னால் என்னைப் போலவே நின்றார்.

நாங்கள் குடாக்கடலுக்குப் போனோம். போகும்போது வெறும் குடம், பிரச்சினை இல்லை. திரும்பும்போது சென்றியில் மறித்தார்கள். தலையில் குடத்தோடு இத்தனை பெண்கள் வந்தால் யார்தான் மறிக்கமாட்டார்கள்? என்னைத் தினமும் காண்கிற ஆமிக்காரப் பெடியன் ஒருவன் முன்னுக்கு வந்தான்.

"மே மொகக்த, அக்கே?" இது என்ன என்று கேட்கிறான்.

"முஹுது வத்துர" என்றேன். கடல் தண்ணீர். என் சிங்களம் அதுவரைக்கும்தான் போகும். எதற்கு என்று அடுத்துக் கேட்டான். தோணி, அம்மன், ஆற்றுவாழை, அபிஷேகம் எல்லாவற்றையும் கையால் நடித்துக் காட்டினேன். நான் நீந்தப் போகிறேன் என்று விளங்கிக்கொண்டான் போல. என் குடத்தில் விரலை விட்டு நாக்கில் வைத்தான். முகம் கோணியது. அடுத்த குடம், நாக்கு, கோணல். கடமையான பிள்ளை, ஒவ்வொரு குடமாகப் பார்த்தான். வரிசையின் பாதியில் எங்களிடமே குடிக்கத் தண்ணீர் கேட்டான். இத்தனை குடம் இருந்தும் குடிக்க ஒரு சொட்டு இல்லை. பெண்கள் சிரித்த சிரிப்பில் ஒரு குடம் விழுந்து உடைந்தது. அவனும் சிரித்துவிட்டான். மிச்சக் குடங்களைக் கையைக் காட்டி விட்டான்.

நாங்கள் திரும்பிவர, ஓவசியர் சாவியை என்னிடம் திருப்பித் தந்தார். பூ முழுக்கக் கட்டின் வெளியே வெயிலில் குவிந்து கிடந்தது, காய்ந்ததும் எரிக்க. ஆற்றுத் தண்ணீரை மணலில் ஊற்றி முடித்திருந்தார்கள். காசிம் காக்கா கடையிலிருந்து ஒரு சாக்கு உப்புக்கல்லும் கொண்டுவந்து போட்டிருந்தார். மேளம் தொடங்கியது. குடம் குடமாகக் கடல் தோணிக்குள் விழுந்தது. அதை நிறைத்து, உப்பைக் கரைத்து, வெயிலில் ஊறவிட்டோம். உள்ளே ஒளிந்திருந்த துண்டுகள் மேலே வந்தன. வடித்தோம், கவிழ்த்தோம், தேய்த்தோம். பிறகு நான் ஈர்க்கை எடுத்துக்கொண்டு உள்ளே ஏறினேன். நாதஸ்வரக்காரர் எனக்காகவே ஊதியது போல இருந்தது. இருக்கைக்குக் கீழே என் தலை, மேலே என் கால். அப்படி ஒரு சோதனையை எந்தத் தோணிக்கும் நான் செய்ததில்லை.

தோணி சுத்தம். ஆனால் என் கண் கூட்டத்தில் இருந்தது. பெண்களை வரிசையில் வரச் சொன்னேன். ஒவ்வொரு கொண்டையாகக் கை வைத்து ஊதாப் பூவை எடுத்து உப்புக் குடத்தில் போட்டேன். "ஆமிக்காரி தோத்துப்போவாள்" என்று முணுமுணுத்தார்கள், ஆனால் தந்தார்கள். கடைசியில் வண்ணக்கர் மட்டும் மாலையோடு நின்றார். நான் கேட்கவில்லை, பார்த்தேன். மாலையைத் தானே கழற்றினார்.

வெயில் சாய அம்மாள் எழுந்தருளினா. தடிக்குப் பக்கத்தில் வந்ததும் பல்லக்கு நின்றது. அம்மாளின் தோளில் செவ்வரத்தம் பூவுக்குள்ளே ஊதாவாக ஒன்று தெரிந்தது. காலையில் வந்த உற்சாகத்தில் முதல் பூவை அம்மாளுக்குச் சாத்தியிருக்கிறார்கள். கண்டவர்கள் இரண்டு பேர், நானும் வண்ணக்கரும். என் கை சாவியில் இருந்தது. அம்மாளிடம் நான் எப்படிக் கேட்பேன்?

வண்ணக்கர் ஐயரின் காதில் ஏதோ சொன்னார். ஐயர் அந்தப் பூவை எடுத்து அவர் கையில் கொடுத்தார். வண்ணக்கர் என்னிடம் வந்து, ஊர் முழுக்கப் பார்த்திருக்க, "பிள்ளை, பிரசாதம்" என்று நீட்டினார்.

இரண்டு கையாலும் வாங்கினேன். கண்ணில் ஒற்றினேன். பிறகு உப்புக் குடத்தில் போட்டேன்.

தடியைத் தூக்கினேன். அம்மாள் குளத்தைச் சுற்றி வந்தா. அந்த மாரி முழுக்க நான் கரை ஓரம் நடந்து நடந்து பார்த்தேன். ஒரு இலைகூட முளைக்கவில்லை.

அடுத்த வருடம் டவுனிலிருந்து மல்லிகையும் செவ்வந்தியும் வந்தன, ஆற்றுவாழையை யாரும் நினைக்கவில்லை. ஆனாலும் பெண்கள் குடம் எடுத்துக் கடலுக்குப் போனார்கள். அதற்கடுத்த வருடமும் போனார்கள். சண்டை முடிந்தது, ஓவசியரும் வண்ணக்கரும் போய்ச் சேர்ந்தார்கள், குடம் மட்டும் நிற்கவில்லை. இப்போது பொறுப்பாக இருப்பவர் வண்ணக்கரின் மகன். கடல்நீர் அபிஷேகம் சோழர் காலத்திலிருந்து வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்கிறார். நான் திருத்துவதில்லை. தோணி இன்றைக்கும் வெளியிலிருந்துதான் வருகிறது. தொடங்கியது சோழர் என்றாலும் சரி, நாங்கள் என்றாலும் சரி, உப்பு பட்டால் போதும்.

போன திருவிழாவுக்கு நானும் போனேன். கதிரை போட்டு முன்னால் இருத்தினார்கள். குடங்கள் வரிசையாக வந்தன, நல்ல சோடனை. ஆனால் போனவர்கள் சீக்கிரமாகவே வந்துவிட்டார்கள். நான் குடத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தேன். ஒரு காலிலும் கடல் மணல் இல்லை.

"எங்க அள்ளினனீங்கள்?" என்றேன்.

முன்னால் நின்ற பெட்டைப்பிள்ளை தலை குனிந்தாள். வண்ணக்கரின் மகன் குனிந்து என் காதில் சொன்னார்: "சரியான வெயில் அம்மா. கோயில் பைப்பில பிடிச்சது. சடங்குக்குத்தானே, எந்தத் தண்ணியெண்டால் என்ன?"

நான் எழும்பிப் போய்த் துறையின் தடியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். இப்போது அதற்கு வேறு பூட்டு, சாவி என்னிடம் இல்லை. ஆனாலும் நின்றேன்.

"போயிட்டு வாங்கோ பிள்ளையள். கடல் கிட்டத்தானே. நானும் அம்மாளும் இருக்கிறம்."

போனார்கள்.